பதினோராவது எழுத்து

ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் மறுவிற்பனை மதிப்பை அது பூட்டப்பட்ட நாடு தீர்மானிக்கிறதா என்ற கேள்வி, பழைய கார் வாங்குவோரும் விற்போரும் நெடுங்காலமாகக் கேட்டுவருவது. கேள்வி எளிது, விடை அவ்வளவு எளிதன்று. இரண்டு நாடுகளில் உருவான இரண்டு கார்கள் வேறுவேறு விலைக்குப் போனால், அந்த வேறுபாட்டுக்கு நாடே காரணம் என்று சொல்லிவிட இயலாது. எஞ்சின், மாதிரி ஆண்டு, உருவான எண்ணிக்கை, வரி, முந்தைய உரிமையாளரின் கவனம் என எத்தனையோ காரணங்கள் அதனுடன் கலந்து நிற்கின்றன. நாட்டின் பங்கை மட்டும் பிரித்தறிய வேண்டுமானால், நிறுவனம், மாதிரி, ஆண்டு, எஞ்சின் யாவும் ஒத்திருந்து, பூட்டப்பட்ட இடம் மட்டும் மாறிய கார்கள் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அமைக்க முடியாத இந்தச் சோதனையை வாகனத் தொழிலின் வரலாறு ஒருமுறை தானாகவே அமைத்துத் தந்தது. போர்ஷே பாக்ஸ்டர் என்ற இருவர் அமரும் திறந்த கார்தான் அந்தச் சோதனைப் பொருள்.

1990களின் தொடக்கத்தில் போர்ஷே நலிந்து கிடந்தது. விற்பனை சரிந்து, நிறுவனம் தனித்து நிற்குமா என்ற ஐயம் எழுந்திருந்தது. வெண்டலின் வீடகிங் தலைமைப் பொறுப்புக்கு வந்தபின், டொயோட்டாவின் வேலைமுறையில் தேர்ந்த ஜப்பானிய வல்லுநர்கள் அழைக்கப்பட்டு, ஸ்டுட்கார்ட் நகரின் சுஃபன்ஹவுசன் ஆலையில் வேலை நடக்கும் விதம் மாற்றியமைக்கப்பட்டது. 1996இல் பாக்ஸ்டர் வெளிவந்தபோது அதை நாடி வந்தோர் தொகை ஆலையின் கொள்ளளவை மீறியது. அதனால் 1997இல் பின்லாந்தின் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள ஊசிகௌபுங்கி என்ற சிறுநகரத்தில், வால்மெட் நிறுவனத்தின் ஆலையிலும் பாக்ஸ்டர் பூட்டப்படலாயிற்று. சாப் கார்களைப் பல ஆண்டுகள் உருவாக்கிய ஆலை அது. சாப் 900 வகையின் துணிக்கூரைக் கார்களை அமைத்த கைத்திறன் அங்கே இருந்தது. ருஷ்ய லாடா நிறுவனத்தின் சமாரா காரும் 1998 வரை அதே வளாகத்தில்தான் பூட்டப்பட்டது. சில காலம் ஒரே வாயில் வழியாக லாடாவும் போர்ஷேயும் வெளியே வந்தன.

2011 வரை இந்த ஏற்பாடு நீடித்தது. 2005 முதல் பாக்ஸ்டரின் மூடுகூரை உடன்பிறப்பான கேமனும் அங்கே சேர்ந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அந்தச் சிறுநகரத்திலிருந்து உலகெங்கும் சென்றன. எஞ்சின்கள் ஸ்டுட்கார்ட்டில் உருவாகி அங்கே அனுப்பப்பட்டன. வரைபடமும் தரக் கட்டுப்பாடும் போர்ஷேயுடையவை. அதே காலத்தில் சுஃபன்ஹவுசனிலும் பாக்ஸ்டர்கள் பூட்டப்பட்டன. இரண்டையும் அருகருகே நிறுத்தினால் கண்ணால் பிரித்தறிய வழியில்லை. வேறுபாடு சேஸிஸ் எண்ணில் மட்டுமே இருக்கிறது. பதினேழு குறிகள் கொண்ட அந்த எண்ணின் தொடக்கத்தில் உள்ள ‘டபிள்யூ’ இரண்டுக்கும் பொது. அது ஜெர்மானிய உற்பத்தியாளரைக் குறிக்கிறது. பதினோராவது இடத்தில் ‘எஸ்’ இருந்தால் ஸ்டுட்கார்ட், ‘யூ’ இருந்தால் ஊசிகௌபுங்கி.

இந்தப் பதினோராவது எழுத்து புணேயில் வாழும் ஒரு புள்ளியியல் பேராசிரியையின் வீட்டுக்குள் ஒரு தரகர் வழியாக வந்து சேர்ந்தது. அவருடைய கணவர் எலும்பு மருத்துவர். 2010இல் ஒரு பாக்ஸ்டரைப் புதிதாக வாங்கியவர். ஜெர்மனியில் செய்த கார் என்று உறவினரிடமும் நண்பர்களிடமும் சொல்லி மகிழ்ந்தவர். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கார் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் உறையிட்டு நின்றது. பேராசிரியைக்கு அதை ஓட்டும் விருப்பம் இல்லை. விற்றுவிட முடிவு செய்தார். பார்க்க வந்த தரகர் சேஸிஸ் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து, பெரிதாக்கி, ஓர் எழுத்தில் விரலை வைத்தார். “மேடம், இது அசல் ஜெர்மன் வண்டி இல்லை, பின்லாந்தில் பூட்டியது. சாருக்கு யாரும் சொல்லவில்லையா?” என்று கேட்டு, பேசிய விலையில் மூன்று லட்சம் ரூபாயைக் குறைத்தார்.

மூன்று லட்சத்தைவிட அந்தக் கடைசிக் கேள்விதான் அவரைத் தைத்தது. கணவர் ஏமாற்றப்பட்டாரா? பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் சொல்லிவந்த ஒரு வாக்கியம் பொய்யா? தரகரை அனுப்பிவிட்டுப் பழைய கோப்பைத் திறந்தார். பதிவுக்காக அந்நாளில் அளிக்கப்பட்ட சுங்கத் தாளின் நகல் அதில் இருந்தது. உற்பத்தி நாடு என்ற கட்டத்தில் பின்லாந்து என்று தெளிவாக அச்சாகியிருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. அந்தத் தாளை அந்த வீட்டில் யாரும் படிக்கவில்லை, அவ்வளவே.

கணவர் ஏமாறவில்லை என்பது தெளிந்தபின் மிஞ்சியது விலையைப் பற்றிய கேள்வி. அது அவருடைய துறைக்குரிய கேள்வியாகவும் இருந்தது. கார்களில் ஈடுபாடுள்ள அவருடைய ஆய்வு மாணவர் ஒருவர் துணைக்கு வந்தார். எடுத்துக்காட்டுகளை மாணவர் ஒவ்வொன்றாக முன்வைத்தார். பேராசிரியை ஒவ்வொன்றையும் சோதித்துத் தள்ளினார்.

முதலில் வந்தது ஹோண்டா என்எஸ்எக்ஸ். 1990இல் ஜப்பானில் உருவான முதல் தலைமுறைக் கார்களில் நல்ல நிலையில் உள்ளவை இன்று அவற்றின் அன்றைய புதுவிலையைத் தாண்டி விற்கின்றன. 2016இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உருவாகத் தொடங்கிய இரண்டாம் தலைமுறைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஜப்பான் உயர்த்தியது, அமெரிக்கா தாழ்த்தியது என்று இதைப் படிக்கலாமா? படிக்க முடியாது. முன்னது எளிய இயந்திர அமைப்பும் கைமுறைக் கியரும் கொண்டது. பின்னது மின்மோட்டார்களும் டர்போவும் இணைந்த கலப்பினம். மாறியது நாடு மட்டுமன்று, காரே வேறு.

அடுத்தது பிஎம்டபிள்யூ இசட்3. அது ஒரு ஜெர்மானியப் பெயரைத் தாங்கிய கார். உருவானது அமெரிக்காவின் தென் கரோலைனாவில் உள்ள ஸ்பார்ட்டன்பர்க் ஆலையில். ஜெர்மனியில் பூட்டிய இசட்3 இல்லாத நிலையில் ஒப்பிட எதிர்த்தரப்பே கிடையாது. மூன்றாவது, 2016இல் விற்பனைக்கு வந்த ஃபியட் 124 ஸ்பைடர். இத்தாலியப் பெயர், இத்தாலிய எஞ்சின். பூட்டப்பட்டதோ ஹிரோஷிமாவில், மஸ்தா எம்எக்ஸ்-5 காரின் அதே ஆலையில். இங்கே இடம் ஒன்றாக இருந்து, பெயரும் எஞ்சினும் மாறுகின்றன. நான்காவது, 2019இல் மீண்டும் வந்த டொயோட்டா சூப்ரா. ஜப்பானியப் பெயர், அடித்தளமும் எஞ்சினும் பிஎம்டபிள்யூவுடையவை, பூட்டிய இடம் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உள்ள மாக்னா ஆலை, அமெரிக்காவில் விற்ற கார்களின் சேஸிஸ் எண்ணோ ஜெர்மனிக்குரிய ‘டபிள்யூ’வில் தொடங்குகிறது. இந்தக் கார் எந்த நாட்டுக்குரியது என்று கேட்டால், எதைக் கொண்டு நாட்டைத் தீர்மானிப்பது என்ற எதிர்க்கேள்விதான் விடையாக வரும்.

ஆக, எஞ்சியது பாக்ஸ்டர் மட்டுமே. அதற்கான சான்றைத் தேடியபோது பேராசிரியையின் கண்ணில் முதலில் பட்டது ஒரு மௌனம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியாகும் பழைய பாக்ஸ்டர் விளம்பரங்கள் ஆண்டைச் சொல்கின்றன. ‘எஸ்’ வகையா, சாதாரண வகையா என்று சொல்கின்றன. ஓடிய தூரம், கியர் வகை, நிறம், பராமரிப்புப் பதிவு ஆகியவற்றை அடுக்குகின்றன. பூட்டிய ஆலையைப் பற்றிப் பேசுவதில்லை. கெல்லி புளூ புக் போன்ற விலைக் கையேடுகளும் ஆண்டு, மாதிரி, தூரம், நிலை ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடுகின்றன. ஸ்டுட்கார்ட் என்ற சொல்லுக்கு ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கிடைக்குமானால், ‘எஸ்’ எழுத்துக் காரை விற்பவர் அதைத் தலைப்பிலேயே போடாமல் விடுவாரா? விற்பவரின் ஆசையை நம்பலாம். காசாகும் எதையும் அவர் சொல்லாமல் விடுவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கும் உண்டு. 1990 முதல் 1995 வரை மெர்சிடிஸ் 500ஈ என்ற நான்கு கதவுக் கார் போர்ஷேயின் சுஃபன்ஹவுசன் ஆலையில் பூட்டப்பட்டது. அதன் விளம்பரங்கள் இந்தச் செய்தியை விரும்பிச் சொல்கின்றன. சேகரிப்பாளர்களும் அதற்காக நாடுகிறார்கள். ஆனால் மெர்சிடிஸின் தாய் ஆலையும் அதே ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில்தான் இருக்கிறது. நாடு மாறவில்லை, ஊர்கூட ஏறக்குறைய மாறவில்லை. மாறியது கதை. ஒரு பெருநிறுவனம் நலிந்திருந்த அண்டை நிறுவனத்துக்கு வேலை கொடுத்தது, அங்கே இந்தக் கார் உருவானது என்ற கதைக்கு விலை உண்டு. பூட்டிய இடம் ஒரு நல்ல கதையைத் தரும்போது விலை சற்று உயரலாம். ஊசிகௌபுங்கிக்கு அப்படியொரு கதையை யாரும் சொல்லவில்லை. அதனால் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

பாக்ஸ்டரின் விலையை உண்மையில் தாழ்த்தியது வேறொன்று. 1997 முதல் 2008 வரையிலான மாதிரி ஆண்டுகளின் எஞ்சின்களில் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதைத் தாங்கும் பேரிங் சில கார்களில் தேய்ந்து உடைந்து எஞ்சினையே அழித்தது. அமெரிக்காவில் இது வழக்காகி, இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. அந்த ஆண்டுகளின் கார்களை வாங்குவோர் இன்றும் முதலில் கேட்பது அந்த பேரிங்கைப் பற்றித்தான். மாற்றியதற்கான ரசீது இருந்தால் விலை ஏறும். அந்த எஞ்சின் உருவானது ஸ்டுட்கார்ட்டில். பின்லாந்தில் பூட்டிய காருக்கும் ஜெர்மனியில் பூட்டிய காருக்கும் அந்தக் குறை பொதுவானது. 2009ஆம் மாதிரி ஆண்டில் வந்த புதிய எஞ்சினில் அந்த இடைத்தண்டே கிடையாது. மருத்துவர் வாங்கிய 2010 கார் அந்தப் புதிய வகையைச் சேர்ந்தது. ‘எஸ்’ எழுத்துத் தாங்கிய ஒரு 2003 காரைவிட, ‘யூ’ எழுத்துத் தாங்கிய அந்தக் கார் கவலை குறைந்த ஒன்று என்பதைத் தரகர் சொல்லவில்லை. ஒருவேளை அவரும் அறிந்திருக்க மாட்டார்.

இந்தியாவில் மட்டும் பூட்டிய இடம் விலையைத் தீவிரமாக அசைக்கும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழி சுங்கச் சாவடியின் ஊடாகச் செல்கிறது. முழுமையாகப் பூட்டி இறக்குமதியாகும் காரை வணிகர்கள் சிபியு என்பார்கள்; உதிரித் தொகுப்பாக வந்து இங்கே பூட்டப்படுவதை சிகேடி என்பார்கள். முன்னதற்கு விதிக்கப்படும் வரிகள் காரின் விலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்கூட்டியே பூட்டப்படாத தொகுப்புக்கு அடிப்படைச் சுங்கம் 15 சதவீதம் என்ற அளவிலேயே இருந்துவந்துள்ளது. 2024 மே மாதத்தில் ரேஞ்ச் ரோவர், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் ஆகிய கார்கள் முதன்முறையாக இங்கிலாந்துக்கு வெளியே, புணேயில் பூட்டப்படும் என்ற அறிவிப்பு வந்தது. புதிய கார்களின் விலை 18 முதல் 22 சதவீதம் வரை குறைந்தது. அதற்கு முந்தைய மாதம் இறக்குமதிக் காரை வாங்கியவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய காரில் ஒரு திருகும் மாறவில்லை. ஆனால் பழைய காரின் விலை புதிய காரின் விலையைப் பார்த்தே நிற்கிறது. புதியது இறங்கினால் பழையதும் இறங்கியாக வேண்டும். இங்கிலாந்தில் பூட்டியது என்ற பெருமை அந்தச் சரிவைத் தடுக்க இயலாது.

சென்னைக்கு அருகே உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் 2021 முதல் பூட்டப்படும் எம்340ஐ காரிலும் இதே கணக்கைக் காணலாம். நிறுவனத்தின் எம் செயல்திறன் வரிசையில் இந்தியாவில் உருவான முதல் கார் அது. “சிகேடிதானே” என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. ஆயினும் இங்கே பூட்டப்பட்டதால் கிடைத்த வரிச் சலுகையே அதன் புதுவிலையை எட்டக்கூடியதாக்கியது. முதலில் கொடுத்த விலை குறைவாக இருந்தால், பின்னால் இழக்கும் தொகையும் குறைவாகவே இருக்கும். சென்னையின் கைகளுக்கு ஏதேனும் விலை உண்டென்றால், வாங்குபவரின் கணக்கில் அது வரவுப் பக்கத்தில்தான் வருகிறது.

பாக்ஸ்டர் விஷயத்தில் இந்த வாதம் எழவே இடமில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்தாலும் ஊசிகௌபுங்கியிலிருந்து வந்தாலும் இரண்டும் சிபியுதான். 2010இல் இரண்டுக்கும் ஒரே வரிதான். இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகளே.

அப்படியானால் தரகரின் மூன்று லட்சம் எங்கிருந்து முளைத்தது? 1970இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லோஃப் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு விளக்கிய உண்மை இங்கே உதவுகிறது. பழைய காரின் உள்நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் வெளியே தெரியும் அடையாளங்களைப் பற்றிக்கொள்கிறார். நாடு அப்படிப்பட்ட ஓர் அடையாளம். 1965இல் ராபர்ட் ஸ்கூலர் குவாத்தமாலா மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இதைக் காட்டியது: பழச்சாறும் துணியும் ஒன்றாகவே இருக்க, ஒட்டிய நாட்டுப் பெயர் மாறியபோது மதிப்பீடும் மாறியது. தரகரின் திறமை இந்த அறிவுக் குறைவைத் திருப்பிப் போட்டதில் இருக்கிறது. இங்கே அறியாதவர் விற்பவர், அறிந்தவர் வாங்குபவர். வாங்கும்போது பின்லாந்து என்ற சொல்லைச் சொல்லிக் குறைத்த அதே மனிதர், மறுவாரம் விற்கும்போது அந்தச் சொல்லை உச்சரிக்கப் போவதில்லை. ஒரு குறை வாங்கும்போது மட்டும் தென்பட்டு விற்கும்போது மறைந்துவிடுமானால், அது காரின் குறை ஆகாது, பேரத்தின் கருவி.

பேராசிரியை காரைப் பின்னர் பெங்களூரைச் சேர்ந்த ஒரு பொறியாளருக்கு விற்றார். வந்தவர் துணிக்கூரையைப் பலமுறை மடித்து விரித்துப் பார்த்தார். கிளட்ச்சின் தேய்மானத்தைச் சோதித்தார். டயர்களின் உற்பத்தித் தேதியைப் படித்தார். பதினோராவது எழுத்தைச் சொன்னபோது, தெரியும் என்று தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவர் குறைத்தது இரண்டு இடங்களில். கார் நின்றுகிடந்த ஆண்டுகளுக்குப் பராமரிப்பு ரசீது இல்லை, அது ஒன்று. மகாராஷ்டிரப் பதிவைக் கர்நாடகத்துக்கு மாற்றத் தடையின்மைச் சான்றும் புதிய சாலை வரியும் வேண்டும், அது மற்றொன்று. இந்தியாவில் ஒரு காரின் பதிவு மாநிலம் அது பிறந்த நாட்டைவிட உரக்கப் பேசுகிறது. டெல்லியில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, அங்கே பதிவான எத்தனையோ நல்ல கார்களின் விலை அவை எங்கே பூட்டப்பட்டவை என்று பாராமலேயே சரிந்தது.

எனவே கேள்விக்கான விடையை இவ்வாறு தொகுக்கலாம். பூட்டிய நாடு தன்னளவில் மறுவிற்பனை மதிப்பை அசைப்பதில்லை. அதனுடன் வரி சேர்ந்தால் வரி அசைக்கிறது. கதை சேர்ந்தால் கதை அசைக்கிறது. வாங்குபவரின் அச்சம் சேர்ந்தால் அச்சம் அசைக்கிறது. வரியைக் கணக்கிடலாம், கதையை ரசிக்கலாம். அச்சத்துக்கு மட்டும் சான்று கேட்க வேண்டும்.

அந்தப் பருவத்தின் இறுதியில் பேராசிரியை ஓர் ஆசிரியர் தேர்வுக் குழுவில் அமர்ந்தார். விண்ணப்பதாரர் பட்டியலில் பெயருக்கு அடுத்த பத்தியாக, முனைவர் பட்டம் பெற்ற நாடு இடம்பெற்றிருந்தது. ஆய்வேட்டின் தலைப்பு அதற்கு நெடுந்தொலைவில், கடைசிப் பத்தியில் இருந்தது. இரண்டின் இடத்தையும் மாற்றி அச்சிட்டுத் தருமாறு அவர் அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டார். காரணம் கேட்ட சக உறுப்பினருக்கு, முதலில் எஞ்சினைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். நாட்டுக்கான பத்தி நீக்கப்படவில்லை. பட்டியலின் கடைசிக்கு நகர்ந்தது. அன்றைய கூட்டம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக நீடித்தது.